பாபநாசம் படித்துறையில் ஒரு காலை

அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறி விக்கிரமசிங்கபுரம் தாண்டியதுமே பொதிகை மலை கண்ணை நிறைத்துவிடும். பாபநாசத்தில் கோயிலுக்கு எதிரேயே படித்துறை. கடைசிப் படியில் உட்கார்ந்து காலை நனைத்தால் குளிர் முழங்கால் வரை ஏறுகிறது, கொஞ்சம் பொரியைத் தூவினால் போதும், பெரிய பெரிய மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று புரண்டுகொண்டு வாயைத் திறக்கின்றன.

பொதிகையில் பிறந்து, தமிழ்நாட்டை விட்டு வெளியே போகாமல் புன்னக்காயல் பக்கம் கடலில் சேருகிற ஆறு என்பதால் தாமிரபரணி மேல் எனக்குத் தனிப் பாசம். பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள், அதைப் பார்க்கத்தான் வயிறு எரிகிறது. என் காலிலேயே ஓர் ஈர வேட்டி சுற்றிக்கொண்டது. பிழிந்து கரையில் போட்டேன். தயவுசெய்து துணியை ஆற்றில் விடாதீர்கள்.

அப்புறம் அகத்தியர் அருவிக்குக் கிளம்பினோம்.