கடைசிக் கூடம்

கலிஃபோர்னியாவில் மவுண்டன் வியூ வரை போய்விட்டு, கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் பார்க்கணும் என்றதும் மச்சினன் முகம் சுருங்கிவிட்டது. “பழைய டப்பாவைப் பார்க்கவா மாமா இவ்வளவு தூரம் வந்தீங்க?”

அந்தக் கட்டடமே ஒரு காலத்தில் சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்பெனியுடையது. கொடிகட்டிப் பறந்த கம்பெனி காணாமல் போய்விட்டது, மியூசியம் இருக்கிறது.

2011-இல் திறந்த ‘ரெவல்யூஷன்’ கண்காட்சி மணிச்சட்டத்தில் தொடங்கி இணையத்தில் வந்து முடிகிறது. மணிச்சட்டம், ஸ்லைடு ரூல் என்ற கணக்குப் போடும் அளவுகோல் பக்கமெல்லாம் நிம்மதி. யாரும் திருத்தி எழுத வேண்டியதில்லை. கடைசிக் கூடம்தான் பாவம். ‘இப்போது’ என்று வைத்ததெல்லாம் அங்கே சீக்கிரம் நரைத்துவிடுகிறது. இதற்குத்தானோ என்னவோ, இதற்குப் பக்கத்தில் புதிதாகச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள்: 2017-இல் மென்பொருளுக்கு ஒரு கூடம், 2024 கடைசியில் சாட்பாட்டுக்கு ஒன்று. 1966-இல் வைசன்பாம் என்ற கம்ப்யூட்டர் விஞ்ஞானி எழுதிய எலிசா என்ற பழைய சாட்பாட்டைப் பற்றி எழுதி மாட்டிவிடலாம், அது இனி மாறாது. மாதத்துக்கு மாதம் மாறும் இன்றைய சாட்பாட்டைப் பற்றி எழுதினால், பலகையில் பெயிண்ட் காய்வதற்குள் பழசாகிவிடுமே!

சரி, எனக்கு விருந்து வேறிடத்தில் இருந்தது. ஐபிஎம் 1401 என்ற கம்ப்யூட்டர், 1959-இல் வந்தது. ஓய்வுபெற்ற இன்ஜினீயர்கள் வருஷக்கணக்கில் மெனக்கெட்டு மறுபடி ஓடவைத்திருக்கிறார்கள். உள்ளே போனதும் முதலில் சத்தம்தான். நிமிஷத்துக்கு 600 வரி அடிக்கும் பிரின்டர் கிளம்பியபோது, பக்கத்தில் நின்ற குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. நினைவகமோ மொத்தமே சில ஆயிரம் எழுத்துகள். நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை நாலைந்துக்கு மேல் தாங்காது. அப்புறம் ஒரு பெரியவர் துளை அட்டை போடும் மெஷினில் என்னை உட்காரவைத்தார். அந்தக் காலத்தில் எழுத்துகளை அட்டையில் துளைகளாகப் போட்டுத்தான் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பார்கள், பத்திக்கு ஒரு எழுத்து. ஒவ்வொரு எழுத்துக்கும் ‘டக்’கென்று விழும் அடி விரல்நுனி வரை ஏறியது. 80 பத்தி அட்டையில் என் பெயர் ஏழே பத்தியில் முடிந்துவிட்டது.

கதை கேட்டுக் கேட்டு அங்கேயே ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. காரில் காத்திருப்பதாகச் சொன்ன மச்சினனைத் தேடினால், இன்னொரு மெஷினில் தன் பெயரைத் துளைத்துக்கொண்டிருந்தான்.

பாஸ்போர்ட்டுக்குள் செருகியிருந்த அட்டை சென்னை விமான நிலையத்தில் கீழே விழுந்தது. “இது என்ன சார், ஓட்டை ஓட்டையா?” என்றார் அதிகாரி.

“என் பேர்தான் சார்.”