மின்சாரம் போனாலும் மறக்காத சில்லு

பல ஆண்டுகளாக மேசை இழுப்பறைக்குள் கிடந்த பென்டிரைவைச் செருகியபோது, பழைய படங்கள் அப்படியே திறந்தன. மின்கடத்தாப் படலம் சூழ்ந்த நுண்ணறைக்குள் எலக்ட்ரான்களைச் சிறைப்பிடித்து, அவை இருக்கின்றனவா இல்லையா என்பதைக் கொண்டே தரவைப் படிப்பதுதான் பென்டிரைவுக்குள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தின் சூட்சுமம். எழுதி அழிக்கும் ஒவ்வொரு முறையும் அப்படலம் சற்றே தேய்வதால் இதற்கும் ஆயுள் உண்டு.

தோஷிபாவில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா இதை 1984இல் அறிவித்தார். தரவு அழியும் வேகம் கேமரா ஃபிளாஷை நினைவூட்டுவதாகச் சக ஊழியர் ஒருவர் சொன்னதே பெயராக நிலைத்தது. அந்நிறுவனத்திலிருந்து பிரிந்த நினைவகப் பிரிவு, 2019 முதல் கியோக்ஸியா எனப்படுகிறது. நினைவு என்னும் பொருளுடைய ஜப்பானியச் சொல்லையும், மதிப்பு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லையும் ஒட்டவைத்த பெயர் அது. எனக்கென்னவோ பழைய பெயர்தான் வாயில் வருகிறது. யொக்காய்ச்சி நகரிலுள்ள அதன் ஆலையில், நுண்ணறைகளைப் பக்கவாட்டில் பரப்பாமல், அடுக்குமாடி வீடுகளைப் போல மேலே மேலே அடுக்குகிறார்கள்.