கப்பித் தொட்டியும் அதிகாலை நாலு மணியும்

ஏப்ரல் 6, கிளிநொச்சி

மகனின் மீன்தொட்டியை இன்று முறையாக அளந்தேன். நீளம் 60 சென்ரிமீற்றர், அகலம் 30, உயரம் 36. பெருக்கினால் 64 லீற்றருக்கு மேல் வருகிறது. ஆனால் மணலும் கல்லும் மேல் இடைவெளியும் போக, வாளியால் அளந்து ஊற்றியபோது 52 லீற்றர்தான் பிடித்தது. உள்ளே 12 கப்பி மீன்கள். இன்னும் மீன் வேண்டும் என்று மகன் ஒரு வாரமாகக் கேட்கிறான்.

ஓர் அங்குல மீனுக்கு ஒரு அமெரிக்கக் கலன், அதாவது 3.8 லீற்றர், தண்ணீர் என்பது மீன் வளர்ப்பவர்களின் பழைய கணக்கு. அதன்படி எங்கள் தொட்டிக்கு ஏறத்தாழ 14 அங்குல மீன். பெண் கப்பி இரண்டு அங்குலம் வரை வளரும் என்பதால் இப்போதே எல்லையைத் தாண்டிவிட்டோம். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. மீனின் நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். கழிவும் அதற்கேற்பப் பெருகும். அங்குலத்தை மட்டும் கூட்டினால் அது தெரியாது. செடி இருக்கும் தொட்டியையும் வெறும் தொட்டியையும் அந்தக் கணக்கு ஒன்றாகவே பார்க்கிறது.

ஏப்ரல் 9

மாமா, என் கணவரின் அப்பா, வயலுக்குப் போன வழியில் வாய்க்காலிலிருந்து வேலம்பாசி என்ற நீர்ச்செடி ஒரு பை நிறையவும், வேரோடு இரண்டு கொட்டிச் செடிகளும் கொண்டுவந்தார். பையில் சல்வீனியா என்ற மிதக்கும் களையும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. ஒரு இலை விடாமல் பொறுக்கி வெயிலில் காயப்போட்டேன். 1939இல் தாவரவியல் படிப்புக்காகக் கொழும்புக்கு வந்த செடி அது. எத்தனை குளங்களை மூடிவிட்டது!

நான் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருப்பதால் பொற்றாசியம் பரமங்கனேற்றுக் கரைசல் எனக்குப் புதிதல்ல. வெளிர் இளஞ்சிவப்பாகக் கரைத்து, பத்து நிமிடம் செடிகளை ஊறவைத்துக் கழுவினேன். இரண்டு அட்டைகளும் ஒரு கைப்பிடி நத்தையும் கழன்று விழுந்தன.

ஏப்ரல் 21

வேலம்பாசி பன்னிரண்டு நாளில் ஒரு சாண் வளர்ந்திருக்கிறது. மதியத்தில் இலைகளின் ஓரத்தில் குண்டூசித் தலை அளவில் ஒட்சிசன் குமிழிகள் கட்டி நிற்கின்றன. ஒன்று கழன்று மேலே போனதும் அதே இடத்தில் இன்னொன்று முளைக்கிறது. மகன் சோற்றுக் கோப்பையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

தொட்டித் தண்ணீர் கொஞ்சம் எடுத்து, கொழும்பிலிருந்து தருவித்த அமோனியாச் சோதனைத் துளிகளை விட்டுப் பார்த்தேன். தண்ணீர் மஞ்சளாகவே நின்றது; அமோனியா பூச்சியம். மீன் செவுள் வழியே கழிவாக விடும் அமோனியாவைப் பற்றீரியாக்கள் முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும். வளரும் செடியோ பற்றீரியாக்களுக்குக் காத்திராமல் அமோனியத்தை நேரடியாகவே உறிஞ்சிக்கொள்கிறது.

மாமாவிடம் சொன்னேன். “இதிலென்ன பிள்ளை புதினம்? வளருகிற பயிர்தானே பசளை தின்னும். பழுத்த பயிருக்கு யார் யூரியா போடுவார்கள்?” என்றார்.

ஏப்ரல் 30

அந்தப் பூச்சியத்தை நம்பிப் பத்து பிளாட்டி மீன்கள் வாங்கித் தொட்டியில் விட்டேன். கப்பிகளும் குட்டி போட்டிருக்கின்றன. பாசிக்குள் எண்ணியதில் 14 குட்டிகள் தெரிந்தன. பெரியது 22, சிறியது 14. மறுநாளும் அதற்கு மறுநாளும் சோதிக்கப்போகிறேன். செடி தாங்கும் என்றே நினைக்கிறேன்.

மே 8

நான்கு மீன்கள் போய்விட்டன. மூன்று பிளாட்டிகளும், எல்லாவற்றிலும் மூத்த பெண் கப்பியும்.

இரவு ஒரு மணிக்கு மின்சாரம் நின்றது, தொட்டியின் வடிகட்டியும் நின்றது. புழுக்கத்தில் நானும் சரியாகத் தூங்கவில்லை. 4.40க்கு டோர்ச் அடித்துப் பார்த்தபோது மீன்கள் எல்லாம் தண்ணீரின் மேல்தோலில் வாயை ஒட்டிக்கொண்டு நின்றன. அந்தப் பெண் கப்பியின் செவுள் மூடி விரிந்தபடியே நின்றது, உள்ளே சிவப்புத் தெரிந்தது. வாயைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் உடம்பு முழுவதும் அசைந்தது. வால் மட்டும் கீழே தொங்கியது.

செம்பை எடுத்துத் தொட்டித் தண்ணீரை மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றினேன். கை ஓய்ந்தபோது மாமா எழுந்து வந்து வாங்கி ஊற்றினார். அரைமணி நேரத்தில் மற்ற மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அவள் இறங்கவில்லை.

விடிந்ததும் அமோனியாவைச் சோதித்தேன். பூச்சியம்.

மே 9

நேற்று முழுக்க அந்தப் பூச்சியத்தையே யோசித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் சுத்தமாக இருந்தது, மீன்கள் மூச்சுக்குத்தான் செத்தன. வெளிச்சம் இருக்கும்வரைதான் செடி ஒட்சிசன் கொடுக்கும். இருட்டியதும் அதுவும் மீனைப் போலவே ஒட்சிசனை எடுத்துக் காபனீரொட்சைட்டை விடும். மணலில் இருக்கும் பற்றீரியாக்களும் அப்படித்தான். இரவெல்லாம் எல்லோரும் ஒரே பானையில் அள்ளுகிறார்கள், விடிவதற்குச் சற்று முன் பானை அடி தெரிகிறது.

எங்கள் வெக்கையும் சேர்ந்துகொண்டது. 20 பாகை செல்சியஸ் தண்ணீர் லீற்றருக்கு 9 மில்லிகிராம் அளவு ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் ஏழரைதான். குளிர்நாட்டுக்காரர் எழுதிவைத்த மீன் எண்ணிக்கையை வன்னியின் மே மாதத்தில் அப்படியே பின்பற்ற முடியாது. போதாததற்கு வேலம்பாசி மேலே படர்ந்து பாய் விரித்தாற்போல் கிடந்தது. வடிகட்டி ஓடும்வரை மேற்பரப்பு அசைந்துகொண்டிருந்ததால் அது வெளியே தெரியவில்லை.

மே 11

இரவு விழித்திருந்து பார்த்தேன். ஓர் ஆண் கப்பியை அடையாளம் வைத்து, அரை நிமிடத்தில் செவுள் எத்தனை முறை அசைகிறது என்று எண்ணினேன். மாலை 5 மணிக்கு 52. இரவு 10 மணிக்கு 60. அதிகாலை 4 மணிக்கு 88, அதுவும் வடிகட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே. பகலில் எண்ணியிருந்தால் இந்தத் தொட்டிக்கு இன்னும் பத்து மீன் விடலாம் என்றே சொல்லியிருப்பேன்.

மே 12

வேலம்பாசியில் பாதியை வெட்டி எடுத்து மாமாவின் எருக்குழியில் போட்டேன். அது உறிஞ்சிய நைதரசனும் அதோடு போய்விட்டது. மேற்பரப்பு இப்போது திறந்து கிடக்கிறது. மின்வெட்டுக்கென்று பற்றரியில் ஓடும் சின்னக் காற்றுப்பம்பு ஒன்றும் வாங்கினேன்.

மீதிப் பிளாட்டி ஏழையும் ஆய்வுகூடத்தின் சீமெந்துத் தொட்டிக்குக் கொண்டுபோனேன். கப்பிக் குட்டிகளைப் பக்கத்து வீட்டு அக்கா தன் பாவிக்காத கிணற்றுக்குக் கேட்டார். நுளம்புக் குடம்பியைத் தின்னும் என்று கிணறுகளில் கப்பி விடுவது இங்கே மலேரியாக் காலத்திலேயே இருந்த வழக்கம். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தபோது, அதில் இந்தச் சின்ன மீனுக்கும் ஒரு பங்கு உண்டென்று நான் மகனுக்குச் சொன்னேன். ஆனால் குளத்தில் ஒன்றுகூட விடக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். கப்பி தென் அமெரிக்க மீன், குளம் அதன் வீடல்ல.

மே 27

கொட்டி இலைகள் கண்ணாடிபோல் வெளிறிக் கரைகின்றன. கிழங்கு உறங்கப் போகிறது. வற்றும் குளத்திலும் அது அப்படித்தான் செய்யும். இன்று சோதனைத் தண்ணீர் முதல் தடவையாகப் பச்சையாக மாறியது. அமோனியா 0.5.

எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு இது சின்ன எண்ணல்ல. கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டும் தண்ணீர்; அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் எண் 8. பிஎச் 7 ஆக இருந்தால் அந்த அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நச்சு வடிவில் இராது. இந்தச் சூட்டில் பிஎச் 8 என்றால் ஏழு பங்கு நச்சு. அழுகிய இலைகளைக் கிள்ளி எடுத்தேன், மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினேன், இரண்டு நாளுக்குத் தீனியைப் பாதியாக்கினேன். நேற்றுவரை கழிவைத் தின்ற செடி இன்று தானே கழிவாகிவிட்டது. செடி தளரும் மாதத்துக்கு ஏற்றபடிதான் மீனை வைத்திருக்க வேண்டும், செழிக்கும் மாதத்துக்கு அல்ல.

ஜூன் 9

இப்போது 11 கப்பிகள். அதிகாலை 4 மணிக்குச் செவுள் அசைவு 63. அமோனியா பூச்சியம். வேலம்பாசியை வாரம் ஒருமுறை வெட்டுகிறேன்.

“அம்மா, இன்னும் இரண்டாவது விடலாமா?” என்று மகன் கேட்டான். நாலு மணிக்கு எழும்பி அவனே எண்ணிப் பார்க்கட்டும் என்றேன். எழும்பினான். அப்பப்பாவின் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு, உதட்டசைவில் எண்ணி, கொப்பியில் 63 என்று எழுதிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டான்.

ஒரு பெண் கப்பியின் வயிற்றடியில் கரும்புள்ளி பெரிதாகியிருக்கிறது. இந்தக் கிழமைக்குள் குட்டி போடும். அக்காவின் கிணற்றுக்கு வாளி கழுவி வைத்தாயிற்று.