ஆரஞ்சு எழுத்துத் தொப்பி

ஜப்பானின் கோஷியென் பேஸ்பால் மைதானத்தில் என்னை யாரும் அடிக்கவில்லை. வீட்டில் இதைப் படிப்பவர்கள் பயப்படக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொப்பியைக் கழற்றச் சொன்னார்கள், அவ்வளவுதான். அதையும் தலை தாழ்த்தி, மன்னிப்புக் கேட்டபடிதான் சொன்னார்கள்.

கறுப்புத் துணியில் ஆரஞ்சு நூலால் இரண்டு எழுத்துகள் பின்னிய தொப்பி அது. சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் தொப்பி. நான் பிழைக்கப் போன ஊர் அது. கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த எனக்கு முதல் இரண்டு வருடங்கள் பேஸ்பால் என்பது வெறும் காத்திருப்பாகத்தான் தெரிந்தது. பிறகு எப்போது பைத்தியம் பிடித்தது என்று தெரியவில்லை. மைதானத்தை ஒட்டி ஓர் இரும்புத் தூக்குப்பாலம் இருக்கிறது. லெஃப்டி ஓடூல் பாலம். ஆட்டம் பார்க்கப் போகும்போதெல்லாம் அதைக் கடந்திருக்கிறேன். யார் இந்த ஓடூல் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பாலத்துக்குப் பெயர் இருந்தால், செத்துப்போன யாரோ ஓர் அரசியல்வாதி என்று எண்ணிக்கொள்வதுதானே வழக்கம்.

அவர் யாரென்று 2024 மே மாதம் டோக்கியோவில்தான் தெரிந்தது.

சுயிதோபாஷி ரயில் நிலையத்தில் இறங்கினால் டோக்கியோ டோம் அரங்கின் வெள்ளைக் கூரை கண்ணில் படும். அதற்குள்ளேயே ஒரு மூலையில் ஜப்பானிய பேஸ்பால் புகழரங்கமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. சுவர் நெடுக வெண்கலப் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு முகம். ஆட்டக்காரர்கள் மட்டும் இருப்பார்கள் என்று நினைத்துப் போனேன். 1872-இல் டோக்கியோவில் மாணவர்களுக்கு முதன்முதலாக இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்த அமெரிக்க ஆசிரியர் ஹொரேஸ் வில்சன் இருக்கிறார். ஹைக்கூ கவிஞர் மசவோகா ஷிகி இருக்கிறார். ஆம், கவிஞர்தான். மாணவப் பருவத்தில் பேஸ்பால் வெறியர். ஆட்டத்தைப் பற்றிக் கவிதையும் எழுதியவர். விளையாட்டு வீரர்களோடு ஒரு கவிஞருக்கும் வெண்கலம் வார்த்த நாட்டின் மீது எனக்கு அங்கேயே ஒரு மரியாதை வந்துவிட்டது.

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால், நம் பாலத்துக்காரர்.

ஓடூல் சாதாரண ஆட்டக்காரர் இல்லை. 1929-இல் 254 ஹிட், அதாவது மட்டையால் அடித்துத் தளத்தை எட்டியது 254 முறை. மட்டைச் சராசரி .398, பத்து வாய்ப்பில் கிட்டத்தட்ட நான்கு. ஆனாலும் அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுன் புகழரங்கத்தில் அவருக்கு இடமில்லை. ஜப்பான் 2002-இல் கொடுத்திருக்கிறது. 1931-இல் ஓர் அமெரிக்க அணியோடு வந்தவர் இந்த நாட்டின் மீது பிரியப்பட்டுத் திரும்பத் திரும்ப வந்தார். கல்லூரிப் பையன்களுக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். 1935-இல் ஜப்பானின் புதுத் தொழில்முறை அணி ஒன்று அமெரிக்கச் சுற்றுப்பயணம் வந்தது. அதன் பெயர் ‘தாய் நிப்போன் டோக்கியோ யக்யூ குராபு’. இதை எந்த அமெரிக்கன் வாயால் சொல்வான்? ‘டோக்கியோ ஜயன்ட்ஸ்’ என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றவர் ஓடூல். அவர் அப்போதுதான் நியூயார்க் ஜயன்ட்ஸில் ஆடி முடித்திருந்தார். அந்த டோக்கியோ அணிதான் இன்றைய யோமியூரி ஜயன்ட்ஸ். நியூயார்க் அணியோ 1958-இல் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்து என் அணியானது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த யோமியூரி தொப்பியையும் என் தலையில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தேன். அதே கறுப்பு, அதே ஆரஞ்சு. ஒரு தாத்தாவின் மூக்கு இரண்டு பேரன்களுக்கு வாய்த்தது போல.

போர் முடிந்து நான்கு வருடம் கழித்து, 1949-இல், ஓடூல் தன் சான் பிரான்சிஸ்கோ சீல்ஸ் அணியைக் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தார். வெடிகுண்டில் பாதி ஊர் எரிந்துபோன டோக்கியோவில், ஆக்கிரமிப்புப் படை தெருவில் நிற்கும் நேரத்தில், அமெரிக்கர்களின் ஆட்டத்தைப் பார்க்க ஜனங்கள் திரண்டிருக்கிறார்கள். அதை ராஜதந்திரம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது அதைவிட எளிமையான விஷயமாகப் படுகிறது: வாத்தியார் திரும்பி வந்திருக்கிறார், பழைய மாணவர்கள் போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வந்தால், அரங்கின் பக்கத்தில் ஒரு கல் நிற்கிறது. போரில் இறந்த தொழில்முறை பேஸ்பால் ஆட்டக்காரர்களின் பெயர்களைத் தாங்கிய நினைவுக்கல். பந்து வீச்சாளர் சவமுரா எய்ஜியின் பெயரும் அதில் உண்டு. அடுத்து ஷிசுவோகாவுக்குப் போக வேண்டும் என்று நான் முடிவு செய்திருந்ததே அவருக்காகத்தான்.

ஷிசுவோகாவில் வேகமான நொசோமி ரயில் நிற்காது. ஃபூஜி மலைக்கும் தேயிலைக்கும் பேர்போன மாவட்டத்தின் தலைநகரத்தை அப்படித் தாண்டிப்போவது எனக்கு நியாயமாகப் படவில்லை; கேட்பார் யாருமில்லை. ஹிகாரி ரயிலில் ஒரு மணி நேரம், பிறகு ஊருக்குள் ஓடும் சின்ன ரயில், பிறகு நடை. குசனாகி மைதானத்தின் முன்னால் இரண்டு சிலைகள். ஒருபுறம் பேப் ரூத், மட்டையோடு. எதிரே காலைத் தூக்கிப் பந்து எறியும் சவமுரா. வேலை நாள் காலையில் அங்கே என்னையும் ஒரு தோட்டக்காரரையும் தவிர ஆளில்லை.

1934-இல் யோமியூரி செய்தித்தாளின் முதலாளி ஷோரிகி மட்சுதாரோ, பத்திரிகை விற்பனையை ஏற்றுவதற்காக ரூத், லூ கெரிக், ஜிம்மி ஃபாக்ஸ், சார்லி கெரிஞ்சர் என்று அமெரிக்காவின் பெரிய தலைகளையெல்லாம் வரவழைத்தார். ரூத் ஊர் ஊராகப் போய் 13 ஹோம்ரன் (நம் சிக்ஸர் மாதிரி, வேலி தாண்டும் அடி) அடித்தார். ஜப்பானிய அணி ஆட்டத்துக்கு ஆட்டம் துவைத்துக் காயப்போடப்பட்டது. நவம்பர் 20 அன்று, இதே குசனாகியில், பள்ளியை விட்டு வந்த 17 வயதுப் பையன் சவமுரா பந்து வீச நின்றான். கெரிஞ்சர், ரூத், கெரிக், ஃபாக்ஸ் நான்கு பேரையும் வரிசையாக, பந்தை அடிக்கவே விடாமல், ஸ்ட்ரைக் அவுட் செய்தான். ஏழாவது இன்னிங்ஸில் கெரிக் ஒரு ஹோம்ரன் அடித்தார். ஒன்றுக்குச் சுழியம். ஜப்பான் தோற்றது. ஆனால் ஒரு நாடு தன் தோல்வியை இத்தனை காலம் இவ்வளவு ஆசையாக வைத்துக்கொண்டிருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஷோரிகியை ஒரு தேசியவாத இளைஞன் கத்தியால் வெட்டினான். அமெரிக்கர்களை வரவழைத்து, மெய்ஜி பேரரசரின் பெயர் கொண்ட மைதானத்தில் ஆடவிட்டதும் அவர் மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று. அவர் பிழைத்துக்கொண்டார். சவமுரா பிழைக்கவில்லை. டோக்கியோ ஜயன்ட்ஸின் நட்சத்திரமாகி, சீனப் போர்முனைக்கு அனுப்பப்பட்டு, கையெறி குண்டு வீசி வீசித் தோளைக் கெடுத்துக்கொண்டார். 1944 டிசம்பரில் அவர் சென்ற கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்தது. 27 வயது. ஆண்டின் சிறந்த பிட்சருக்கான (பந்து வீச்சாளருக்கான) விருது இன்று அவர் பெயரில்தான் கொடுக்கப்படுகிறது.

சிலையின் கீழே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பசித்தது.

பக்கத்துத் தெருவில் எட்டு பேர் உட்காரக்கூடிய ஒரு சாப்பாட்டுக் கடை. உள்ளே நுழைந்ததும் தொலைக்காட்சியைப் பார்த்து நின்றுவிட்டேன். எங்கள் ஊர்! எங்கள் மைதானம்! சான் பிரான்சிஸ்கோவில் முந்தைய நாள் ராத்திரி, இங்கே மதியம். ஜயன்ட்ஸுக்கும் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கும் ஆட்டம். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து என் வீட்டுக்குப் பக்கத்து ஆட்டத்தையே பார்க்கிறேன். கடைக்கார அம்மாள் கரண்டியும் கையுமாகத் திரையின் முன் நின்றிருந்தார். டாட்ஜர்ஸின் ஜப்பானிய நட்சத்திரம் ஓஹ்தானி ஷோஹெய் மட்டையோடு வந்தார். அடித்தார். பந்து 446 அடி தூரம் போனது. கடை முழுக்க ஒரே கூச்சல். அம்மாள் என் தோளைத் தட்டிச் சிரித்தார்.

டாட்ஜர்ஸ் எங்கள் பரம வைரி. நியூயார்க்கில் இருந்த காலத்துப் பகை. ஒரே வருடம் இரண்டு அணிகளும் கலிஃபோர்னியாவுக்கு வந்தபோது அதையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தன. நான் தொப்பியை மெல்ல மடியில் கவிழ்த்துக்கொண்டு கைதட்டினேன். அன்று 10-2 என்று தோற்றோம். இதை சான் பிரான்சிஸ்கோ நண்பர்கள் யாரிடமும் சொல்லவில்லை. அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் இங்கே எழுதுகிறேன்.

அந்தத் திரையில் நடந்ததற்கும் என் தொப்பிக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. அமெரிக்க மேஜர் லீக்கில் ஆடிய முதல் ஜப்பானியர் முரகாமி மசனோரி, 1964-இல், சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்குத்தான் ஆடினார். நன்காய் ஹாக்ஸ் அணி பயிற்சிக்காக அனுப்பிய 20 வயதுப் பையன். நன்றாக வீசிவிட்டான், அதுதான் வினை. ‘எங்களுக்கே’ என்றது அமெரிக்கத் தரப்பு. ‘கடனாகத்தானே கொடுத்தோம்’ என்றது ஜப்பானியத் தரப்பு. பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுச் சண்டை போல இழுபட்டு, 1965-இல் இன்னும் ஒரு பருவம் ஆடிவிட்டு அவர் ஊர் திரும்பினார். அந்தக் கசப்புக்குப் பிறகு முப்பது வருடம் அந்த வழியில் யாரும் போகவில்லை. 1995-இல் நோமோ ஹிதேயோ, விருப்ப ஓய்வு பெறுவதாக எழுதிக்கொடுத்துவிட்டு, விதியில் இருந்த ஓட்டை வழியாக டாட்ஜர்ஸுக்குப் போய்ச் சேர்ந்தார். ஓட்டையை அடைத்து வாசல் வைத்தார்கள்: ஆளை அனுப்பும் அணிக்கு ஒரு தொகை. ஓஹ்தானி 2017 முடிவில் அமெரிக்க அணியில் சேர்ந்தபோது அவருடைய பழைய அணிக்குக் கிடைத்தது 2 கோடி டாலர். பின்னர் டாட்ஜர்ஸ் அவரோடு போட்ட ஒப்பந்தம் 10 வருடத்துக்கு 70 கோடி டாலர்.

கிரிக்கெட்டில் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்த இங்கிலாந்தின் வீரர்களே சம்பளத்துக்கு இந்தியா வருகிறார்கள். இங்கே அப்படித் திரும்பவில்லை. மகன் வெளிநாட்டில் பெரிய வேலையில் இருக்கும் வீடு மாதிரி இருக்கிறது ஜப்பான். கூடத்தில் பெருமை; சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலி காலி.

இனி கோஷியென். ஒசாகாவின் உமேதாவிலிருந்து ஹான்ஷின் ரயிலில் கால் மணி நேரம். சுவரில் கொடி படர்ந்த பழைய மைதானம், 1924-இல் திறந்தது. உள்மைதானத்தில் புல் கிடையாது, கறுப்பு மண். கோடைப் போட்டியில் தோற்கும் பள்ளிப் பையன்கள் அழுதுகொண்டே அள்ளிப்போகும் மண். சனிக்கிழமை வலப்பக்க வெளிமைதான வரிசையில், ஹான்ஷின் டைகர்ஸ் ரசிகர்களின் நடுவில் எனக்கு இடம். உட்கார்ந்த மூன்றாவது நிமிடம் அருகில் இருந்த பெரியவர், மஞ்சள் மேலங்கிக்காரர், இடுப்பு வரை குனிந்தார். என் தலையைக் காட்டினார். கைகளைப் பெருக்கல் குறி போல வைத்தார்.

டைகர்ஸுக்கும் யோமியூரி ஜயன்ட்ஸுக்கும் ஆகவே ஆகாது; பரம வைரிகள். கைப்பேசியின் மொழிபெயர்ப்பை எடுத்து, “ஐயா, இது சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ்” என்று காட்டினேன்.

அவர் கண்ணாடியைத் தூக்கிப் படித்தார். “ஜயன்ட்ஸ்தானே?” என்றார்.

கழற்றிவிட்டேன். பையில் வைத்ததும் அவர் முகம் மலர்ந்து, தன் கழுத்துத் துண்டை எனக்குப் போர்த்தினார். பிறகு பேச்சுக்குக் குறைவில்லை. வீரருக்கு வீரர் ஒரு பாட்டு. ஊதுகொம்பும் முரசும் ஓய்வதே இல்லை. முதுகில் பீர் கலனைச் சுமந்த பெண்கள் செங்குத்துப் படிகளில் சிரித்தபடி ஏறி இறங்குகிறார்கள். இதற்குப் பழகியவன் சான் பிரான்சிஸ்கோவில் ஆட்டம் பார்த்தால் நூலகம் என்று நினைப்பான்.

ராண்டி பாஸ் என்ற பெயரை எடுத்ததும் பெரியவர் எழுந்து நின்றேவிட்டார். ஒக்லஹோமாக்காரர், அமெரிக்காவில் பெரிதாக எதுவும் அமையாமல் வந்தவர். இப்படி வரும் வெளிநாட்டவரை ‘சுகெத்தோ’ என்கிறார்கள், கைகொடுக்க வந்தவர் என்ற பொருளில். 1985-இல் பாஸ் 54 ஹோம்ரன் அடித்து டைகர்ஸைச் சாம்பியனாக்கினார். யோமியூரியின் பழைய நட்சத்திரம் ஓ சதஹருவின் ஒரு பருவச் சாதனை 55. கடைசி ஆட்டங்கள் யோமியூரியோடு. அந்த அணியின் மேலாளர் ஓ சதஹருவேதான். யோமியூரி பிட்சர்கள் பாஸுக்கு அடிக்கத் தக்க பந்தே போடாமல், அடிக்காமலே முதல் தளத்துக்கு நடக்கவிட்டார்கள். தான் உத்தரவிடவில்லை என்று ஓ சொன்னார். பெரியவர் நம்பவில்லை. நானும் நம்பவில்லை, அல்லது பிட்சர்களுக்கு உத்தரவே தேவைப்படவில்லை. ஓடூலுக்கு வெண்கலம் வார்த்த நாடுதான் இதையும் செய்தது. வந்தவர் கற்றுக்கொடுக்கலாம், ஜெயித்துத் தரலாம்; வீட்டுப் பெரியவரின் நாற்காலியில் மட்டும் உட்காரக் கூடாது. கரீபியன் தீவான குராசோவில் பிறந்த பாலென்டின் 2013-இல் 60 அடிக்கும் வரை அந்த 55-ஐ யாரும் தாண்டவில்லை.

டைகர்ஸ் வென்ற கொண்டாட்டத்தில் ரசிகர்கள் பாஸின் சாடைக்காக கே.எஃப்.சி. கோழிக்கடையின் கர்னல் சாண்டர்ஸ் சிலையை தோத்தோன்போரி கால்வாயில் வீசியதையும், அந்தச் சாபத்தில் 2023 வரை ‘ஜப்பான் சீரீஸ்’ கோப்பையே கிடைக்காததையும் அவர் சைகையிலேயே நடித்துக் காட்டினார்.

இடைவேளையில் எனக்கு ஒரு குறும்பு. கோஷியென் மைதானத்தை நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தைப் பார்த்துத்தான் வடிவமைத்தார்கள். அது நியூயார்க் ஜயன்ட்ஸின் சொந்த மைதானம். இதைக் கைப்பேசியில் எழுதிக் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, உதட்டில் விரல் வைத்தார்.

ஊர் திரும்பிய அதே வாரம், மே 24, காலையில் எழுந்து செய்தி பார்க்கிறேன். கோஷியெனில் யோமியூரி ஜயன்ட்ஸின் தோகோ ஷோசெய், டைகர்ஸுக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடித்திருக்கிறார். அந்த மைதானத்தில் ஒரு யோமியூரி பிட்சர் இப்படிச் செய்வது 1936-இல் சவமுரா செய்த பிறகு, 88 வருடம் கழித்து, இதுதான் முதல் முறை. ஆட்டக் கணக்கும் குசனாகிக் கணக்கேதான்: ஒன்றுக்குச் சுழியம்.

ஆறே நாளில் தவறவிட்டேன் என்ற எரிச்சல் அடங்கவே அன்று மதியம் ஆகிவிட்டது. அப்புறம்தான் பெரியவரின் நினைவு வந்தது. தோகோவை அவர் திட்டியிருக்க மாட்டார். போன வாரம் மூன்று நிமிடம் அந்த வரிசையில் இருந்த ஒரு தொப்பியைத்தான் திட்டியிருப்பார்.