எல்லைக்கு அப்பால் விற்றவர், இப்பால் வாங்கியவர்

தமிழக–கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இப்புறம், தமிழகத்தில் வசிக்கும் நாங்கள் அஞ்சலிலோ கூரியரிலோ வரவழைக்கும் பொருள்களை விற்பவர், பல நேரங்களில் திருவனந்தபுரத்திலோ கொச்சியிலோ இருக்கிறார். மிக்ஸி பழுதாக வந்துசேர்ந்தால், "வழக்கென்றால் கேரளத்துக்குத்தான் வரவேண்டும்" என்ற பதிலைக் கேட்டுப் பலரும் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அது பழைய கதை. 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவர் வசிக்கும் இடத்திலேயே புகார் அளிக்க வழிசெய்திருப்பதால், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையமே நமக்குப் போதும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை கட்டணமும் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும்.

பழுதான பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், எதுவும் குறிக்காவிட்டால் 30 நாள்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகச் செயல் என்கிறது அச்சட்டம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று ரசீதின் அடியில் அச்சிட்டுவிட்டால் இந்தப் பொறுப்பு நீங்கிவிடும் என்று நினைக்கும் வியாபாரிகள் இன்னும் இருப்பதுதான் வியப்பு. இணையத்தில் விற்பவர்களுக்கான 2020ஆம் ஆண்டு விதிகளோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் திரும்பப் பெறச் சொல்கின்றன.

சேலையின் நிறம் பிடிக்கவில்லை என்பதற்கு மட்டும் சட்டம் துணை வராது. அது விற்பவர் தாமாக அறிவித்த சலுகையைப் பொறுத்தது. ஆணையத்துக்குச் செல்லுமுன் 1915 என்ற உதவி எண்ணில் தமிழிலேயே முறையிடலாம்.