பங்குனி, சித்திரை, இரத்மலானை

ஏப்ரல் 3

காலை ஆறே கால். இரத்மலானை விமானநிலையத்துப் புல் இன்னும் ஈரம். எங்கள் பயிற்சி விமானம் செஸ்னா 152இன் இறக்கைக்குக் கீழே குந்தி, சின்னக் குவளையில் எரிபொருள் பிடித்துப் பார்த்தேன். நீல நிற அவ்காஸ். அடியில் உளுந்து அளவில் நிறமில்லாத ஒரு துளி, குவளையைச் சாய்த்தால் தனியாக உருளுகிறது. தண்ணீர். டாங்கியை நிரப்பாமல் இரவில் விட்டால் கொழும்பில் இப்படித்தான். உள்ளே இருக்கிற ஈரக்காற்று விடியும்போது வியர்த்துவிடும். மூன்று தரம் வடித்தேன். நாலாவது தரம் சுத்தமாக வந்தது.

எனக்குப் பறக்கப் பழக்கும் சேர் பக்கத்தில் நின்று பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாவிட்டால் சரியாகச் செய்கிறேன் என்று அர்த்தம். ஐந்து மாதத்தில் அவரைப் பற்றி நான் கண்டுபிடித்தது இது.

ஏப்ரல் 5

இன்று வெயிலில் ஐஸ் பார்த்தேன். பார்த்தேன் என்றால் கண்ணால் இல்லை, எஞ்சின் சுற்றுமானியில். வெளியே 29 பாகை, சட்டை முதுகில் ஒட்டுகிறது. இறங்குவதற்காக எஞ்சினைக் குறைத்து வைத்திருந்தபோது சுற்று மெல்ல மெல்லக் கீழே போனது. எரிபொருளும் காற்றும் கலக்கும் காபரேற்றருக்குச் சூடான காற்று விடும் ஹீட் பிடியை இழுத்தேன். சுற்று இன்னும் குறைந்து, எஞ்சின் இரண்டு தரம் இருமி, பிறகு முன்பிருந்ததைவிட மேலே ஏறியது. உள்ளே பிடித்திருந்த ஐஸ் உருகிப் போனதற்கு அதுதான் அடையாளம். எரிபொருள் ஆவியாகும்போது காபரேற்றருக்குள் வெப்பம் 20, 30 பாகைகூட இறங்கலாம். நம்முடைய காற்றிலோ ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அம்மாவுக்கு போனில் சொன்னேன். "கொழும்பில ஐஸா? வெயில் தலைக்கு ஏறிட்டுதா பிள்ளை?" என்றா.

ஏப்ரல் 8

தெற்குக் கரையில், கொக்கலையில் ஒரு விடுதி அறையில் இருந்து எழுதுகிறேன். இங்கே இரவு தங்குவதாகத் திட்டம் இல்லை.

காலையில் சேரோடு இரத்மலானையில் இருந்து கிளம்பினோம். கரையை ஒட்டி 50 சொச்சம் நொட்டிகல் மைல், அருமையான வானம். பத்தரைக்குத் திரும்புவதாக இருந்தது. பிளக்குக்கு மின்பொறி கொடுக்கும் மெக்னீட்டோ ஒன்று முரண்டு பிடித்தது. ஆள் வந்து பிளக் கழற்றித் துடைத்து மாட்டி முடிய ஒரு மணி தாண்டிவிட்டது.

அம்மா சித்திரை வருஷத்துக்காக யாழ்ப்பாணத்தில் இருந்து பஸ்ஸில் வருகிறா. மாலை வெள்ளவத்தையில் இறங்குவா, நான் போய்க் கூட்டிவர வேண்டும். நான் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான்.

கட்டுநாயக்க விமானநிலைய வானிலை முன்னறிவிப்பைக் காலையிலேயே எழுதி வைத்திருந்தேன்: 0900இல் இருந்து இடிமழை, சீபீ என்கிற இடிமுகில். கொக்கலையில் நின்று மேலே பார்த்தால் நீலம். ஒன்பது மணி போய் எவ்வளவு நேரம்! முன்னறிவிப்புப் பிழைத்துவிட்டது என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். விமான வானிலை எல்லாமே உலக நேரத்தில் வரும், ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும் என்பது முதல் வாரத்துப் பாடம். 0900 என்றால் நமக்குப் பின்னேரம் இரண்டரை. எத்தனையோ தரம் சரியாகக் கூட்டியிருக்கிறேன். இன்று கூட்டவில்லை. கூட்டாத கணக்கு எனக்கு வசதியாக இருந்தது.

ஒன்றேகாலுக்குக் கிளம்பினோம். ஹிக்கடுவை, அம்பலாங்கொடை வரை நல்லது. பெந்தோட்டை தாண்டும்போது வலப்பக்கம், உள்நாட்டில், முகில் பூக்கோவா மாதிரித் திரண்டு நின்றது. இந்த வாரம் சூரியன் உச்சிக்கு நேரே. நிலம் கொதிக்கிறது, கடற்காற்று ஈரத்தை உள்ளே தள்ளுகிறது, பின்னேரம் அது இடியாகிக் கரைக்கே திரும்பி வருகிறது. பரீட்சையில் இதைப் படமே வரைந்து காட்டியிருக்கிறேன்.

பேருவளைக் கலங்கரை விளக்கம் கீழே வந்தபோது முன்னால் களுத்துறை இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு திரை, நிலத்தில் இருந்து முகில்வரை. அதன் கடல் பக்க ஓரத்தில், பாணந்துறைப் பக்கமாக, ஒரு வெளிச்சக் கீற்று. அதற்குள்ளால் போய்விடலாம் என்று தோன்றியது. சேரைப் பார்த்தேன். அவர் பேசவில்லை. சரி என்று அர்த்தம்.

வேகமானி 90இல் இருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை, அது 105க்கு ஓடியது. கீழே கடல் திட்டுத் திட்டாக வெள்ளையாகி எங்களை நோக்கி வந்தது. கரையில் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்தன. மழைக்கு முன்னால் ஓடிவரும் குளிர்காற்று, எத்தனையோ மைல் தள்ளி.

"ஐ ஹாவ் கன்ட்ரோல்" என்றார் சேர். இடப்பக்கம் கடலுக்கு மேல் வளைந்து, வந்த வழியே கொக்கலைக்கு.

ஐந்து மணிக்கும் இரத்மலானையில் இடி ஓயவில்லை. அம்மாவைக் கீழ்வீட்டு மாமா போய்க் கூட்டி வந்திருக்கிறார். போனில் அம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 9

ஏழு மணிக்குக் கிளம்பி நாற்பது நிமிடத்தில் வந்து சேர்ந்தோம். கண்ணாடி மாதிரிக் காற்று. கிளம்பும் முன் உயரமானியில் கியூஎன்எச், அதாவது கடல்மட்டக் காற்றழுத்தம், 1012 வைத்தேன். நேற்று மதியம் 1008. நம் பக்கத்தில் காற்றழுத்தம் காலை பத்து மணி அளவில் ஏறி, பின்னேரம் நாலு மணி அளவில் இறங்கும், தினமும். காலையில் வைத்த எண்ணை மாற்றாமல் பின்னேரம் வந்தால் மானி நூறடிக்கு மேல் கூட்டிச் சொல்லும். இதையெல்லாம் எவ்வளவு கவனமாகச் செய்கிறேன் பாருங்கள்.

தேநீர் குடிக்கும்போது சேர் கேட்டார், ஏன் திரும்பவில்லை என்று. அம்மா, பஸ், மெக்னீட்டோ, 0900 என்று எல்லாம் சொன்னேன். கடைசியில், "நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே" என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். தான் பேசாமல் இருந்தது நான் எப்போது திரும்புவேன் என்று பார்க்கத்தானாம். தான் என்ன நினைக்கிறார் என்று நான் வாயைத் திறந்து கேட்கவில்லை, முகத்தைப் பார்த்து எனக்குத் தேவையான பதிலை எடுத்துக்கொண்டேன் என்றார். பிறகு ஒரு விபத்தைச் சொன்னார்: 1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு, ஓடுபாதையில் மூடுபனி. மற்ற விமானம் விலகிவிட்டதா என்று கேஎல்எம் விமானத்துப் பொறியியலாளர் சந்தேகப்பட்டுக் கேட்டார். கப்டன் ஆம் என்று அழுத்திச் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. இரண்டும் மோதி 583 பேர் இறந்தார்கள். விமானியறையில் பேசுவதையும் கேட்பதையும் தனிப் பயிற்சியாக வைக்கத் தொடங்கியதற்கு அந்த விபத்து பெரிய காரணம்.

பிறகு இன்னொன்று சொன்னார். 1954இல் இல்லினோய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை, வெளியே தெரியாதபடி மறைத்துப் பறக்கவிட்டார்கள். கட்டுப்பாடு இழக்கச் சராசரியாக 178 விநாடி. நேற்று அந்தக் கீற்று மூடியிருந்தால் எனக்கு எத்தனை என்று கேட்டார். பதில் சொல்லவில்லை.

ஏப்ரல் 11

கீழ்வீட்டு மாமாவுக்கு நன்றி சொல்லப் போனேன். அவர் நோர்வூட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். கதையைக் கேட்டுவிட்டு, "ஏழு கன்னி மலையில பிளேன் விழுந்தப்ப எனக்கு பத்து வயசும்மா" என்றார். 1974 டிசம்பர் 4, இரவு. சத்தம் கேட்டு லயத்தில் எல்லாரும் எழும்பி வெளியே நின்றார்களாம். மறுநாள் பெரியவர்கள் மலை ஏறினார்கள், பிள்ளைகளை விடவில்லை. இறங்கி வந்தவர்கள் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்பதுதான் அவருக்கு இன்னும் ஞாபகம்.

அது மார்ட்டின்எயார் டிசி-8. சுரபாயாவில் இருந்து ஹஜ்ஜுக்குப் போனவர்கள், ஊழியர்களோடு 191 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. கொழும்பில் இறங்க வேண்டிய விமானம். கட்டுநாயக்கவுக்கு இன்னும் சுமார் 40 நொட்டிகல் மைல் இருந்தது. ஓடுபாதைக்குக் கிட்ட வந்துவிட்டோம் என்று நம்பிக் கீழே இறக்கினார்கள். தம்மிடம் இருந்த டொப்ளர் வழிகாட்டும் கருவியையும் வானிலை ராடாரையும் வைத்து நிலையைப் பிழையாக எடுத்துக்கொண்டார்கள். நாலு வருஷம் கழித்து, 1978 நவம்பர் 15இல், இன்னொரு டிசி-8 கட்டுநாயக்க ஓடுபாதைக்கு முன்னால் விழுந்து 183 பேர். அதற்குக் காரணம் எது என்பதில் இலங்கை விசாரணையாளர்களும் ஐஸ்லாந்துக்காரர்களும் ஒத்துப்போகவில்லை.

மாமா கேட்டார், "கருவியெல்லாம் இருந்துச்சே, எப்படிப் பிழைக்கும்?" 0900ஐப் பற்றி அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு மாமியைக் கூப்பிட்டு எனக்கு ரொட்டி கொண்டுவரச் சொன்னார்.

ஏப்ரல் 14

வருஷம். பறப்பு இல்லை. பலகாரம் அளவுக்கு மேல். மாலை நாலரைக்கு இடி. அம்மா ரீவியைப் பிளக்கில் இருந்து கழற்றினா.

ஏப்ரல் 17

இன்று காலை எட்டுக்குத் தனிப்பறப்பு போட்டிருந்தது. நேற்றில் இருந்து தடிமன். இரவு படுக்கும்போது ஒரு பிரிட்டோன் மாத்திரை போட்டேன். ஐந்து மணிக்கு எழும்பிச் சுவர் பக்கம் திரும்பி மூக்கைப் பிடித்து ஊதினேன். வலது காது திறக்கவில்லை. மூக்கு அடைத்தபடி ஏறினால் இறங்கும்போது காது கிழிகிற மாதிரி வலிக்கும். மருந்தின் தூக்கம் வேறு தலைக்குள் இருக்கிறது. ஆனால் 'ஒன்றும் செய்யாது' என்றும் தோன்றியது. அந்தக் குரலைப் போன வாரம் பேருவளைக்கு மேலே கேட்டிருக்கிறேன்.

சேருக்கு போன் எடுத்தேன். வர ஏலாது, மருந்து போட்டிருக்கிறேன் என்றேன். மறுபக்கம் சத்தமில்லை.

"சேர், என்ன நினைக்கிறீர்கள்?" என்றேன்.

"சரி, படு" என்று வைத்துவிட்டார்.

இன்று முழுக்க வானத்தில் ஒரு பொட்டு முகில் இல்லை. பின்னேரமும் இடி வரவில்லை. மூன்று மணிக்கு உடுப்புக் காயப்போட மொட்டைமாடிக்கு ஏறினேன். கடற்கரை ஓரமாக எங்கள் 152 வடக்கே போனது. என் இடத்தில் யாரையோ போட்டிருக்கிறார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது.