கடலூர்க் காற்றில் தக்ளி: பருத்தி, ரோமம், சணப்பு, வாழைநார் நூற்றுப் பார்த்த வரை

முதலில் இப்போதைய நிலை. தக்ளியில், அதாவது கையால் சுண்டிச் சுழற்றும் நூற்புக் கம்பியில், கருங்கண்ணிப் பருத்தி 20-ஆம் நம்பர் நூலாகச் சீராக வருகிறது (நம்பர் கூடக் கூட நூல் மெலிசு). ஆட்டு ரோமம் கம்பளிக்கு ஆகிற தடிமனில் நிற்கிறது. சணப்பு ஈரக்கையில் நன்றாக ஓடுகிறது. வாழைநாரை நூற்பதை விட்டுவிட்டு முடிச்சுப் போட்டு நீட்டுவதுதான் சரி என்று முடிவாகிவிட்டது. இலவம்பஞ்சு தனியாக நூலாவதில்லை. கடலோரத்தில் உட்கார்ந்து இவ்வளவையும் நூற்றதில் ஒன்று உறுதியாகத் தெரிகிறது: இங்கே எந்த நாரை எந்த மாதத்தில், எந்த நேரத்தில் எடுப்பது என்பதைக் காற்றின் ஈரம்தான் தீர்மானிக்கிறது. கருவியெல்லாம் அதற்கு அடுத்தபடி.

ஆனி, ஆடியில் காலையிலிருந்தே மேல்காற்று வறட்சியாக அடிக்கும். அந்த நேரத்தில் பருத்தி இழைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, நூலின் மேல் பிசிறாக நிற்கும். கைபட்ட இடமெல்லாம் பஞ்சுத்தூள். பிற்பகலில் கடல்காற்று திரும்பியதும் அதே பட்டை (நூற்பதற்குச் சுருட்டிய பஞ்சு), அதே தக்ளி, ஆனால் நூல் வழவழப்பாக வரும். ஈரம் 60 முதல் 70 சதவீதத்தில் இருக்கும்போது பருத்தி மிக நன்றாக ஓடுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் 90-ஐத் தொட்டால் நிலைமை தலைகீழ்: இழைகள் ஒட்டிக்கொண்டு கொத்துக்கொத்தாக இழுபடும். சுவரில் மாட்டும் சிறிய ஈரப்பதமானி ஒன்று இருந்தால் ஊகிக்க வேண்டியதில்லை. டாக்கா மஸ்லினுக்கு நூற்ற பெண்கள் ஆற்றங்கரை ஊர்களில் விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் மட்டும் உட்கார்ந்ததற்கும், பக்கத்தில் தண்ணீர்ப் பாத்திரம் வைத்துக்கொண்டதற்கும் இதுதான் காரணம். பருத்தி ஈரத்தில் வலுவாகும் நார். உலர்ந்த நூலை விட நனைந்த நூல் அதிக இழுவை தாங்கும்.

உப்புக்காற்று செய்யும் கெடுதலும் உண்டு. இரும்புத் தக்ளியில் முதல் சுற்று நூல் இரண்டு மூன்று நாள் அப்படியே இருந்தால், கம்பியை ஒட்டிய அடுக்கில் செம்பழுப்பு வளையம் விழுந்துவிடும். துருக்கறை சோப்புக்குப் போகாது. பித்தளைக் கம்பி வாங்குவது நல்லது. இரும்புதான் கிடைத்தது என்றால் முதலில் மெல்லிய காகிதக் குழலைச் செருகி அதன்மேல் சுற்ற வேண்டும்.

பருத்தி

கருங்கண்ணி நம் நாட்டுப் பருத்தி. இழை நீளம் 22 முதல் 24 மில்லிமீட்டர். இவ்வளவு குட்டை இழைக்குத் தொங்கும் தக்ளி ஒத்துவராது. தக்ளியின் எடையே நூலைப் பிரித்துவிடும். அதனால் நுனியை ஏதாவது ஒன்றின்மேல் ஊன்றி நூற்க வேண்டும். குவாத்தமாலாவிலும் மெக்ஸிகோவிலும் பருத்தி நூற்பவர்கள் குடுக்கை ஓட்டில் ஊன்றுகிறார்கள். இங்கே கொட்டாங்கச்சி போதும். நுனி ஓட்டைத் துளைத்துக்கொண்டு போகாமல் இருக்க, அடியில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டிவிட்டால் சுழற்சியும் நீளும்.

கொட்டை எடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அதை விட்டுவிட்டால் மென்மையான நூல் வராது. கொட்டையோடு இருக்கும் பருத்தியை எடுத்து, கொட்டையிலிருந்து வெளிப்பக்கமாகச் சீவி இழைகளை நேராக்க வேண்டும். ஆந்திராவின் பொந்தூரு கதருக்கு இந்தச் சீவலை இன்றும் வாளை மீனின் தாடை எலும்பால் செய்கிறார்கள். டாக்காவிலும் அதே மீனின் தாடைதான். இது ஆறு, ஏரிகளில் கிடைக்கும் வாளை. கடலூர் முதுநகர்த் துறையில் இறங்கும் கடல்வாளை வேறு சாதி, அதன் பல் இதற்கு உதவாது. ஆற்று வாளையின் தாடையில் பொடிப்பற்கள் நெருக்கமாக, எல்லாம் உள்நோக்கிச் சாய்ந்து இருக்கும். இழையைப் பிடிக்கும், அறுக்காது. தாடை கிடைக்காவிட்டால் நெருக்கமான பேன் சீப்பு ஓரளவுக்கு ஈடுகொடுக்கும். ஆனால் மெதுவாக, நுனியிலிருந்து தொடங்கி உள்ளே போக வேண்டும்.

சீவியதை ஒரு மணி நேரம் வெயிலில் போட்டு, வழவழப்பான பலகையில் வைத்து இரும்புக் கம்பியை உருட்டினால் கொட்டை முன்னால் தெறித்து விழும், பஞ்சு கம்பிக்குப் பின்னால் தங்கும். ஒரு கிலோ பருத்தியில் பஞ்சு மூன்றில் ஒரு பங்குதான் தேறும். பிறகு வில்லின் நாணால் பஞ்சை அடித்துக் கொட்டுவது. பஞ்சு ஈரமாக இருந்தாலோ, தேவைக்கு மேல் கொட்டினாலோ கடுகளவு உருண்டைகள் விழும். அவற்றை நூற்கும்போது சரிசெய்ய முடியாது, பொறுக்கி எடுக்கவும் முடியாது. பஞ்சு புகைபோல எழும்பிய உடனே நிறுத்திவிட வேண்டும். மெல்லிய குச்சியில் தளர்வாகச் சுருட்டி உருவினால் ஒரு சாண் நீளப் பட்டை. ஒவ்வொன்றும் இரண்டு கிராம் அளவில் இருந்தால் கைக்கு அடக்கம். இறுக்கிச் சுருட்டிய பட்டை ஒருபோதும் சீராக விடாது.

இனி நூற்பு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தக்ளியை வலஞ்சுழியாகச் சுண்டி, மற்ற கையால் பட்டையைப் பின்னோக்கி இழுக்க வேண்டும். முதல் இழுப்பில் நூல் மேடும் பள்ளமுமாக வரும். அது அப்படித்தான் வர வேண்டும். முறுக்கு எப்போதும் மெல்லிய இடத்தைத் தேடித்தான் முதலில் ஓடும். தடித்த இடங்களில் முறுக்கு ஏறாமல் இழைகள் இன்னும் நழுவும் நிலையில் இருக்கும். அந்த நேரத்தில் பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நூலை மட்டும் இன்னும் ஒரு சாண் நீட்டினால், மெல்லிய இடங்கள் அசையாது. மேடுகள் மட்டும் கண்ணெதிரே கரைந்து மற்ற இடத்தின் கனத்துக்கு வந்துவிடும். அதன் பிறகுதான் முழு முறுக்கு. இந்த இரண்டாம் இழுப்பு கைவந்தால் சீர் தானாக வந்துவிடும். முறுக்கை முதலிலேயே ஏற்றிவிடுகிறவர்களுக்கு இது வராமலே போகும்.

20-ஆம் நம்பர் பாவு நூலுக்கு (தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்) ஓர் அங்குலத்துக்கு 18, 19 முறுக்கு வேண்டும். ஒரு மீட்டருக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 740. தக்ளிக் கம்பி ஏன் அவ்வளவு மெலிசு என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. மூன்று மில்லிமீட்டர் கம்பி விரல் நகரும் ஐந்து சென்டிமீட்டருக்குள்ளேயே ஐந்து தரம் சுற்றி, அந்த வேகத்தோடு விடுபடுகிறது. ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள மரக்குச்சி ஒன்றரைச் சுற்றோடு நின்றுவிடும். அது கம்பளி நூலுக்குச் சரி, பருத்திக்குப் போதாது.

நூல் அறுந்தால் அறுந்த முனையைப் பார்க்காமல் அடுத்த சுண்டு சுண்டக் கூடாது. முனை பஞ்சுபோல நீண்டு கூர்ந்திருந்தால் முறுக்கு குறைவு, இழைகள் நழுவிப் பிரிந்திருக்கின்றன. முனை மொட்டையாக, சுருண்டுகொண்டிருந்தால் முறுக்கு மிகுதி. எப்போதும் பட்டையின் வாயிலேயே அறுந்தால் குறை பட்டையில். சீரான இடைவெளியில் அறுந்தால் தக்ளி ஆடுகிறது: கம்பியைக் கண்ணாடித் தளத்தில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும்.

கை வியர்ப்பது இந்த ஊரில் பெரிய தொல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் பருத்தி நூற்கும் பெண்கள் விரலில் வெண்சுண்ணத் தூளைத் தொட்டுக்கொள்வார்கள். திருநீறுபோலச் சலித்த சாம்பலும் அதே வேலையைச் செய்கிறது. நூலைக் கொதிக்க வைக்கும்போது எல்லாம் போய்விடும்.

நம்பர் கண்டுபிடிப்பதற்குத் தராசு ஒன்றும், ஒரு மீட்டர் சுற்றளவுள்ள சட்டம் ஒன்றும் போதும். நூறு சுற்று சுற்றி, அந்த 100 மீட்டரை நகைத் தராசில் நிறுத்து, 59-ஐ அந்த எடையால் வகுத்தால் நம்பர். 2.95 கிராம் என்றால் 20. மழை மாதத்தில் இந்தக் கணக்கு ஏமாற்றும். நூல் ஈரத்தை உறிஞ்சிக் கனப்பதால் 20-ஆம் நம்பர் நூல் 19-ஐ ஒட்டிக் காட்டும். நூல் தடித்துவிட்டது என்று மெலிதாக நூற்கத் தொடங்கினால், தை மாதத்தில் அது காய்ந்ததும் வேண்டியதை விட மெலிசாக இருக்கும். ஒப்பிட வேண்டிய சிட்டங்களை (சுற்றி எடுத்த நூற்கட்டுகளை) ஒரே நாளில், ஒரே அறையில் நிறுக்க வேண்டும்.

சிட்டத்தை நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, சலவைச் சோடா கொஞ்சம் சேர்த்து அரை மணி கொதிக்க விட்டால் முறுக்கு நிலைபெறும், பருத்தியின் மெழுகும் நீங்கும். ஒரு துண்டு நூலைத் தண்ணீரில் போட்டு உடனே மூழ்குகிறதா என்று பார்ப்பதே சோதனை. மிதந்தால் இன்னொரு கொதி.

தக்ளி வட்டு உடைந்தால் சுடுமண்ணில் செய்துகொள்ளலாம். கீழடியில் கிடைத்த தக்ளி வட்டுகளும் சுடுமண்தான். வில்லியனூர் பக்கம் மண் வேலை செய்கிறவர்களிடம் சொன்னால் சூளையில் சேர்த்து வைத்து எடுத்துத் தருவார்கள். பருத்திக்கு 10 முதல் 12 கிராம் வட்டு. காய்ந்து வேகும்போது மண் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். துளையை அதற்கேற்பப் பெரிதாக விட வேண்டும், துளை நடுவிலிருந்து இம்மி விலகினாலும் தக்ளி ஆடும்.

ஆட்டு ரோமம்

மேச்சேரி, ராமநாதபுரம் வெள்ளை போன்றவை குட்டை மயிர் ஆடுகள். நூற்க ஒன்றும் தேறாது. திருச்சி, பெரம்பலூர் பக்கத்துக் கருங்குறும்பை ஆட்டு ரோமம்தான் நமக்கு அருகில் கிடைப்பது. முரட்டு ரோமம், உடம்பில் உடுத்த ஆகாது, கம்பளிக்கும் விரிப்புக்கும் உயர்ந்தது. வெந்நீரில் ஊறவைத்து, கசக்காமல், அதே சூட்டு நீரில் அலசி எடுக்க வேண்டும். சூடு மாறுவதும் கசக்குவதும் சேர்ந்தால் ரோமச் செதில்கள் கோத்துக்கொண்டு கட்டியாகிவிடும். பிறகு பிரிக்க வழியில்லை.

இந்த ரோமம் நீளமானது, செதிலும் இருப்பதால் பிடித்துக்கொள்ளும். எனவே 40 முதல் 60 கிராம் தக்ளியைத் தொங்கவிட்டே நூற்கலாம். ஆண்டிஸ் மலையில் நடந்துகொண்டே நூற்பது இதனால்தான் முடிகிறது. சென்டிமீட்டருக்கு இரண்டு, மூன்று முறுக்கு போதும். வட்டுக்குப் பதில் இரண்டு குறுக்குக் கட்டைகள் உள்ள துருக்கித் தக்ளியில் தண்டையும் அந்தக் கட்டைகளையும் உருவிவிட்டால் நூலுருண்டை தனியாக வந்துவிடும், சிட்டம் போடும் வேலை மிச்சம். பருத்திக்கு நேர்மாறாக, ரோமம் நனைந்தால் வலுவிழக்கும். அடைமழையில் இதைத் தொடாமல் இருப்பது நல்லது. பாவுக்குக் கம்பளிக்காரர்கள் புளியங்கொட்டைக் கஞ்சிதான் போடுகிறார்கள். அரிசிக் கஞ்சிக்கு இந்த முரட்டு நூல் அடங்காது.

சணப்பும் வாழைநாரும்

நம் பக்கம் சணப்பைப் பசுந்தாளாக 45 நாளிலேயே மடக்கி உழுதுவிடுவார்கள். நாருக்கு என்றால் வரப்போரம் ஒரு வரிசை மட்டும் பூத்துப் பிஞ்சு பிடிக்கும் வரை விட வேண்டும். கட்டுகளை முதல் இரண்டு நாள் அடித்தண்டு தண்ணீரில் இருக்கும்படி நிறுத்தி வைத்து, பிறகு படுக்கப்போட வேண்டும். அடிப்பட்டை தடிமன் என்பதால் அதற்கு ஊறல் கூடுதலாக வேண்டும். நம் வெயிலுக்கு மொத்தம் நான்கு முதல் ஏழு நாள். ஒரு குச்சியை எடுத்து அடியில் உரித்தால் பட்டை நுனி வரை ஒரே வீச்சில் வர வேண்டும். அதற்கு மேல் ஒரு நாள் விட்டாலும் நார் இற்றுப்போகும். மீன் இருக்கும் குளத்தில் ஊறப்போடக் கூடாது. அழுகல் தண்ணீரின் பிராணவாயுவை உறிஞ்சிவிடும். தொட்டிதான் சரி, அந்தத் தண்ணீர் தோட்டத்துக்கு ஆகும்.

அலசி, காயவைத்து, ஆணிப் பலகையில் சீவிய நாரை விரலைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டே நூற்க வேண்டும். நாரிலுள்ள பசை ஈரத்தில் இளகி, பிசிறுகளை நூலோடு ஒட்டவைக்கும். உலர் கையில் நூற்றது முள்போல நிற்கும்.

வாழைநார் வேறு வகை. அறுவடை முடிந்து சாய்த்த மரத்தின் நடுப் பட்டைகளைப் பலகையில் வைத்து மழுங்கல் கத்தியால் வழித்தால் பட்டையின் நீளத்துக்கே நார் கிடைக்கும். நூறு கிலோ தண்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ நார். வழித்த கையோடு அலசாவிட்டால் நார் பழுப்பேறிவிடும். துணியில் பட்ட வாழைக்கறை போகவே போகாது. இந்த நாரைப் பஞ்சுபோல வெட்டி நூற்பது அதன் பலத்தையே வீணாக்குவது. ஜப்பானில் ஓகினாவாவின் கிஜோகா ஊரில் வாழைநார்த் துணிக்கு நாரைச் சாம்பல் நீரில் வேகவைத்து, மூங்கில் பிளாச்சால் வழித்து, முனையோடு முனை முடிந்துதான் நூலாக்குகிறார்கள். பிலிப்பைன்ஸில் திபோலி மக்கள் அபாக்கா (வாழை இனச் செடி) நாருக்கும் முடிச்சுதான் போடுகிறார்கள். முடிச்சின் வாலை நாரை ஒட்டி நறுக்கிவிட்டு, நனைத்து லேசாக முறுக்கேற்றினால் போதும். காய்ந்தால் ஒடியும் நார் இது. திருப்பாப்புலியூர் பூக்கடைகளில் நாரை நனைத்து வைத்துக்கொண்டே தொடுப்பது எதற்கோ, அதற்கேதான் இதையும் ஈரமாக வைத்திருக்க வேண்டும். பருத்தி முரண்டு பிடிக்கிற ஐப்பசி, கார்த்திகைதான் வாழைநாருக்கு நல்ல மாதம்.

இலவம்பஞ்சு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பருத்தி இழை காயும்போது நாடாபோலத் திருகிக்கொள்கிறது, அந்தத் திருகல்தான் பிடிமானம். இலவம் இழை உள்ளே காற்று நிறைந்த வழவழப்பான குழல்; மெழுகும் உண்டு; பிடிக்க எதுவும் இல்லை. பருத்தியோடு ஐந்தில் ஒரு பங்கு கலந்து கொட்டினால் நூல் வருகிறது, கனமில்லாமல் இருக்கிறது. எருக்கம் பஞ்சும் இதே குணம்தான். ஆனால் எருக்கந்தண்டின் பட்டைநார் முரட்டு வலு. அதை உரிப்பதானால் தண்டை இரண்டு நாள் காயவிட்டு, பால் வற்றிய பிறகு கைவைக்க வேண்டும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும்.

அடுத்த வேலை 20-ஆம் நம்பர் நூலில் ஒரு துண்டுக்குப் பாவு ஓடுவது. 100 கிராம் நூலுக்கு 10 முதல் 15 கிராம் அரிசிமாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, சில துளி தேங்காய் எண்ணெய் சேர்த்து, பாவை விரித்த நிலையில் தோய்த்துக் காயும்வரை இழைகளைப் பிரித்துவிட வேண்டும். எண்ணெய் இல்லாவிட்டால் நூல் விறைத்து அச்சில் (தறியில் பாவு நூல் நுழையும் சீப்பில்) ஒடியும். கஞ்சி போட்ட பாவு கார்த்திகையில் நான்கு நாளுக்குள் பூஞ்சணம் பூத்துவிடும். எனவே பாவு தையில், மழை ஓய்ந்து வெயில் நின்ற பிறகுதான்.